நீல அல்லியும் குழந்தைசாமியின் மேலுதடும்

“தொட்டியில தண்ணி நாலு விரல் கொறைஞ்சிருக்குது. ஒரு கொடம் ஊத்துனா கை தேஞ்சா போயிடும்?”

சகாயசெல்வி கடைசியாகச் சொன்னது இதுதான். முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“வந்து ஊத்துறேன்” என்றார் குழந்தைசாமி. மரக்காணம் உப்பளத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவர்தான் அங்கே மேஸ்திரி.

பதினோரு மணிக்கு போன் வந்தது. அவர் வீடு வந்து சேர்ந்தபோது முறத்தில் பாதி உளுந்து பொறுக்கியபடியும் பாதி பொறுக்காமலும் இருந்தது. நெஞ்சு வலி என்றார்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் வீடு நிறைய ஜனம். ஆளாளுக்கு அழுதுகொண்டிருந்தபோது குழந்தைசாமி எழுந்து கொல்லைக்குப் போனார். போர் பைப்பில் ஒரு குடம் தண்ணீர் பிடித்தார். சிமெண்டுத் தொட்டியில் ஊற்றினார். அதற்குள் ஒரு நீல அல்லி தன் பாட்டுக்குப் பூத்திருந்தது.

“என்ன மாமா பண்றீங்க?” என்று பின்னாலேயே ஓடிவந்தான் மோகன். சகாயசெல்வியின் தம்பி.

“ஊத்துறேன்னு சொல்லிட்டுப் போனேன்டா.”

மோகன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மூன்றாம் நாள் காலையில் குழந்தைசாமி கண்ணாடியை ஜன்னலில் சாத்தி வைத்துக்கொண்டு முகத்தில் நுரை போட்டபோதுதான் வீட்டில் முதல் கலவரம் வெடித்தது.

“ஐயையோ! நாப்பதாம் நாள் பூசை முடியறவரைக்கும் முகத்துல கத்தி படக்கூடாது மாமா! அக்கா மண்ணு ஈரம்கூட காயல. நீங்க மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்கிறீங்க. ஊரு என்ன பேசும்?”

“டேய், இது உங்கக்கா போட்ட கண்டிஷன்டா.”

ஊருக்கே அந்தக் கண்டிஷன் தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முந்தைய கதை.

அப்போது குழந்தைசாமிக்கு முறுக்கிவிட்ட மீசை. அவருக்கு அப்படியே தாய் முகம். தாய் முகம் ஆம்பளைக்கு யோகம் என்பார்கள். அந்த யோகத்தை மறைத்துக்கொண்டு மீசை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு நின்றது. தாய் குப்பம்மாள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பதினைந்து வருடம் மருமகளை ஆட்டி வைத்தவள், கூடத்துச் சுவரில் படமாகத் தொங்கி, போகிறவர் வருகிறவரையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கல்யாணத்துக்குப் போன சகாயசெல்வி, வாளியில் ஒரு அல்லிச் செடியோடு திரும்பி வந்தாள்.

“இந்த மண்ணுல உப்பைத் தவுர ஒண்ணும் பூக்காது” என்று சிரித்தார் குழந்தைசாமி. “இது பூத்துச்சுன்னா நான் மீசைய எடுத்துடறேன்.”

“எடுத்தா மட்டும் பத்தாது. தொட்டியில அல்லி உயிரோட இருக்கிறவரைக்கும் மீசை வெக்கக் கூடாது. சம்மதமா?”

தெருவே சாட்சி. ஒரு வாரம் தாங்காது என்ற தைரியத்தில் சம்மதித்தார். பதினோராம் நாள் அல்லி பூத்தது. பன்னிரண்டாம் நாள் உப்பளத்தில் மேஸ்திரியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. புதிதாக யாரோ வேலை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, அங்கே உப்பு வாரும் ஆராயி அவரை வரப்பில் உட்காரச் சொன்னாள்.

அன்றிலிருந்து ஒன்பது வருடம் அந்த அல்லி சாகவில்லை. மீசையும் வரவில்லை.

“சரி, அக்காவே போயிட்டா. இன்னும் என்ன பந்தயம்?” என்றான் மோகன்.

“அவ இருந்தப்ப நான் ஏமாத்தியிருந்தா சண்ட போட்டிருப்பா. இப்ப ஏமாத்துனா யாருகிட்ட போயி நியாயம் கேப்பா?”

கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள். செத்தவளுக்காகத் தாடி வளரட்டும், பூவுக்காக மேலுதட்டை மட்டும் வழிக்கட்டும். குழந்தைசாமிக்கு இது நியாயமாகப் பட்டது. கண்ணாடிக்கு மட்டும்தான் நியாயமாகப் படவில்லை.

அதிலிருந்து தினமும் இரண்டு வேலை. காலையில் மேலுதடு, சாயங்காலம் தொட்டிக்கு ஒரு குடம் போர் தண்ணீர். பங்குனி வெயில். இன்று ஊற்றினால் நாளைக்கு நாலு விரல் இறங்கிவிடும். இறங்க இறங்க ஊற்றினார்.

இருபது நாளில் இலையின் ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது. பூவும் நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு ஆராயி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அவருடைய உப்பளத்தில்தான் வேலை. “ஏன் மேஸ்திரி, மீசை மேல அம்புட்டு ஆசையா?”

“என்ன சொல்ற?”

“இல கருகுதே. கொன்னுட்டு மீசை வெக்கலாம்னு பாக்கிறீங்களோன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க.”

குழந்தைசாமிக்குச் சுருக்கென்றது. பந்தயத்தில் தோற்றவனாகவே ஒன்பது வருடம் சுகமாக இருந்தாயிற்று. அவள் போன பிறகு, அதுவும் இப்படி, ஜெயிக்க அவருக்கு இஷ்டமில்லை.

போதாக்குறைக்கு சென்னையிலிருந்து மகள் தமிழ்நிலா போன் செய்தாள். “அப்பா, நாப்பதாம் நாளுக்கு லீவு போட்டிருக்கேன். அம்மா கல்லறையில கடைப்பூ வேணாம். அம்மாவோட அல்லிய வெக்கணும். எப்டிப்பா இருக்குது?”

“சூப்பரா இருக்குதும்மா.”

“போட்டோ அனுப்புங்க.”

போனில் தேடி ஒரு அல்லிப் படத்தைக் கண்டுபிடித்து அனுப்பினார். உடனே பதில் வந்தது. “அப்பா, இது போன வருசம் நானே எடுத்தது. ஓரத்துல அம்மா கை தெரியுது.”

குழந்தைசாமி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கை இருந்தது. உளுந்து மாவு ஒட்டிய கை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கேமரா ரிப்பேரும்மா” என்று அனுப்பினார்.

மறுநாள் உப்பளத்திலிருந்து டிகிரிக் குழாயை மடியில் செருகிக்கொண்டு வந்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் கண்ணாடிக் குழாய் அது. மிதக்கவிட்டால் சொல்லிவிடும். கடல் தண்ணீர் மூன்று டிகிரி காட்டும். இருபத்து நாலைத் தாண்டினால் உப்பு இறங்கும். தொட்டியில் விட்டுப் பார்த்தார். ஒன்று.

கடலில் மூன்றில் ஒரு பங்கு உப்பு. வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. பாத்திரம் கழுவத்தான் ஆகும். வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடும். மேலே இன்னொரு குடம் ஊற்றினால் அந்த உப்பும் சேரும். காய வை, ஊற்று, காய வை, ஊற்று. முப்பது வருடமாக இதைத்தான் நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறார். சொந்தக் கொல்லையில், சொந்தக் கையால், பொண்டாட்டியின் பூவை ஊறப் போட்டு ஒரு பாத்தி கட்டியிருக்கிறார்.

வேலிக்கு மேலே ஆராயியின் தலை தெரிந்தது. “என்ன மேஸ்திரி, எத்தினி டிகிரி? நாளைக்கு உப்பு வார வரட்டுமா?”

“போடி அந்தாண்ட!”

தண்ணீரை மாற்ற வேண்டும், அவ்வளவுதானே? குடிதண்ணீர் கேன் எட்டு வாங்கினார். தொட்டியை மொண்டு காலி செய்துவிட்டு, ஒவ்வொரு கேனாகத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தார். அருவி மாதிரி விழுந்தது. அடியில் இருந்த களிமண் கரைந்து, கிழங்கு வேரோடு மேலே வந்து மிதந்தது. அதைப் பிடித்து அழுத்தி, மேலே இரண்டு செங்கல்லை வைத்தார். ஒரு செங்கல் நழுவி, பிழைத்திருந்த ஒரே நல்ல இலையை நசுக்கியது.

“சத்து இல்ல மாமா, அதான்” என்றான் பார்க்க வந்த மோகன். அவனுக்கு இறால் பண்ணையில் வேலை. உலகத்தில் எந்த நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்துதான். “எறா தீவனம் ரெண்டு கிலோ கொண்டாறேன். எறாவே அதத் தின்னுட்டு இப்பிடிக் கொழுக்குது. பூவு கொழுக்காதா?”

“பூவுக்கு வாய் இருக்குதாடா?”

“வேர் இருக்குதில்ல?”

குழந்தைசாமிக்கு அப்போது யார் எதைச் சொன்னாலும் சரியென்றுதான் பட்டது. இரண்டு கிலோவையும் கொட்டினார்கள்.

நாலாம் நாள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஐந்தாம் நாள் நாற்றம் தெருமுனைவரைக்கும் போனது. ஆறாம் நாள் கொசுப்புழு பார்க்கும் பாக்கியலட்சுமி டார்ச்சும் கரண்டியுமாக வந்து நின்றாள். தொட்டியில் ஒரு கரண்டி மொண்டு வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அண்ணே, இது பூந்தொட்டியா, கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியா?”

“அது வந்தும்மா...”

“கவுத்துடுங்க.”

“கவுக்க முடியாது. அவ வெச்ச பூ.”

பாக்கியலட்சுமி அவர் தாடியைப் பார்த்தாள். மேலுதட்டைப் பார்த்தாள். விஷயம் அவளுக்கும் எட்டியிருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, “சரிண்ணே, மீன் விடுங்க. புழுவ எல்லாம் தின்னுடும். ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்” என்றாள்.

என்ன மீன் என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. நேராகக் கழுவெளி ஏரிக்குப் போய், வலை போட்டுக்கொண்டிருந்தவனிடம் உயிரோடு ஆறு மீன் கேட்டு வாங்கி வந்து தொட்டியில் விட்டார்.

முதல் நாள் மீன்கள் புழுக்களைத் தின்றன. குழந்தைசாமி நிம்மதியாகத் தூங்கினார். இரண்டாம் நாள் இலைக்காம்புகளைத் தின்றன. மூன்றாம் நாள் செங்கல்லைப் புரட்டிவிட்டுக் கிழங்கைத் தின்றன.

சொன்னபடி வந்த பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள். “புழு ஒண்ணுகூட இல்லண்ணே, சூப்பர்! ஆனா நான் சொன்னது சுண்டு விரல் சைஸ் மீனு. இது ஜிலேபி. செடி கொடி எதையும் விடாது. கொழம்புக்குத்தான் ஆவும்.”

தொட்டியில் அல்லி என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. ஆறு மீன்கள் மட்டும் திருப்தியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆராயி அவற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் பொரித்து, அவருக்கும் இரண்டு கொண்டுவந்தாள்.

“எப்பிடி நான் இதத் தின்னுவேன்? சகாயத்தோட பூ இதுங்க வயித்துல இருக்குது.”

“வயித்தக் கழுவிட்டேன் மேஸ்திரி” என்றாள் ஆராயி. அவர் தொடவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அந்த இரண்டையும் அவளே சாப்பிட்டாள். சாப்பிட்டபடியே ஒரு யோசனையும் சொன்னாள். “அக்கா இருந்தப்ப இது ஒரு நாள் வாடுனதில்ல. அது கையில என்னமோ இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வாளிய எடுத்துக்கிட்டு மாதா கோயிலுக்குப் போயி தீர்த்தம் கொண்டாருமே, அதத்தான் ஊத்திச்சோ என்னமோ.”

குழந்தைசாமிக்கு அந்த வாளி ஞாபகம் வந்தது. பச்சை மூடி போட்ட பெயிண்டு வாளி. மூடியில் நகப்பாலிஷால் ‘சகாயம்’ என்று எழுதியிருப்பாள். நெத்தியில் வைக்க ஒரு சொட்டுத் தீர்த்தம் போதாதா, எதற்கு ஒரு வாளி என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார். “உங்க நெத்திக்கு ஒரு சொட்டு பத்தாது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள்.

தீர்த்தம் ஊற்றவும் இப்போது செடி இல்லை. முப்பத்தொன்பதாம் நாள். நாளைக்குப் பூசை. ராத்திரி பஸ்ஸில் தமிழ்நிலா வருகிறாள்.

ஒரே வழிதான் இருந்தது. ஒன்பது வருடத்துப் பூவைக் கொன்றாயிற்று. இனி அதைப் போலவே ஒன்றை வாங்கிவந்து தொட்டியில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பொண்டாட்டியைக் கல்லறையில் வைத்துவிட்டு மகளிடம் பித்தலாட்டம். மாதாவே மன்னித்துக்கொள். அந்த வாளியையே எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினார்.

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நீளத் தாடி. மழித்த மேலுதடு. தலையில் துண்டு. “பாய், கோட்டக்குப்பமா?”

“பெரிய முதலியார்சாவடி.”

“சரிங்க பாய்.”

மறுத்துப் பேசக் குழந்தைசாமிக்குத் தெம்பில்லை.

பெரிய முதலியார்சாவடியில் ரோட்டோரமாகவே, பஸ்ஸில் போகும்போது அவர் பார்த்து வைத்திருந்த ஒரு செடிப் பண்ணை இருந்தது. வரிசையாகத் தொட்டிகள். தாமரை, வெள்ளை அல்லி, சிவப்பு அல்லி. முதலாளி தட்சணாமூர்த்தி முழங்கால்வரை சேற்றோடு எழுந்து வந்தான்.

“வாங்க பாய். என்ன வேணும்?”

“நீல அல்லி. மொட்டு இருக்கணும். நாளைக்குக் காலையில பூக்கணும். பாத்தா புதுசு மாதிரி தெரியக்கூடாது.”

தட்சணாமூர்த்தியின் கண் வாளி மூடியில் இருந்தது.

“இது சகாயம் அக்கா வாளியாச்சே?”

குழந்தைசாமி திகைத்தார். தட்சணாமூர்த்தி இப்போது அவருடைய மேலுதட்டைக் கூர்ந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பானான்.

“அண்ணே, மரக்காணம் மேஸ்திரி அண்ணன்தானே? அக்கா போட்டோ காட்டியிருக்காங்க. தாடிய வெச்சு ஏமாத்திட்டீங்களே! அக்கா வரலையா?”

“வரல.”

“போன மாசமே வந்திருக்கணும். வரலையேன்னு எடுத்து வெச்சிருக்கேன், இருங்க.” உள்ளே போய், ஈரச் சாக்கில் சுற்றிய செடி ஒன்றைக் கொண்டுவந்து வாளியில் இறக்கினான். நீல மொட்டு இரண்டு, நாளைக்கு விரியும் பக்குவத்தில். “எப்பவும் போல மொட்டு வெச்சதா பாத்துத்தான் எடுத்து வெச்சேன்.”

“எப்பவும் போலன்னா?”

தட்சணாமூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் பாதி வெளியே வந்துவிட்டிருந்தது.

“சொல்லுப்பா. எப்பவும் போலன்னா?”

“ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுண்ணே. ஒம்பது வருசமா. அந்த ஊரு தண்ணிக்கும் உப்புக் காத்துக்கும் எந்தக் கொம்பன் வளத்தாலும் அல்லி அதுக்கு மேல தாங்காது. அக்கா எவ்ளோதான் பாத்துப்பாங்க, பாவம்? வாட ஆரம்பிச்சதும் வாளியத் தூக்கிட்டு வந்துடுவாங்க. நீங்க உப்பளத்துல இருந்து வர்றதுக்குள்ள மாத்திடுவாங்களாம்.”

குழந்தைசாமி கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். மாதா கோயில். தீர்த்தம். ஒரு வாளி. இருபது நாளாக இவர் மட்டுமே கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவள் ஐம்பதுக்கு மேல் கொன்றிருக்கிறாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பல நாளாக வராத சிரிப்பு என்பதால் இருமல் மாதிரி வந்தது.

“ஒரு பந்தயத்துல ஜெயிக்கவா இம்புட்டுப் பித்தலாட்டம்?”

“பந்தயமா? அட போங்கண்ணே, அக்காவுக்கு ஜெயிக்கிறதெல்லாம் ஒரு கணக்கா?” தட்சணாமூர்த்தி அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தான். “நீங்க மீசை வெச்சா அச்சு அசல் அவங்க மாமியாராவே இருக்கீங்களாம். அந்தம்மாவுக்கும் மேலுதட்டுல லேசா உண்டாமே? ‘கிழவி செத்து ஒரு வருசம் ஆவுது தம்பி, காலையில கண்ணு முழிச்சா பக்கத்துல அதேதான் படுத்திருக்குது’ன்னு சொல்லித்தான் பந்தயம் போட்ட பத்தாம் நாளு மொட்டு வெச்ச மொத செடிய வாங்கிட்டுப் போனாங்க. நான் சொன்னேன்னு அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே.”

“சொல்லல” என்றார் குழந்தைசாமி.

மறுநாள் தொட்டியில் நீல அல்லி விரிந்திருக்க, பூசைக்கு முன்னால் தாடியை எடுத்தார்கள். மேலுதட்டில் எடுக்க ஒன்றும் இல்லை.